பழைய போனை வைஃபை பெட்டியாக மாற்றியவர்கள்: பேட்டரி உப்பாமல் பார்த்துக்கொண்ட அனுபவங்கள்

திண்டுக்கல் பக்கத்துக் கிராமத்திலிருந்து:

எங்கள் ஊருக்கு இன்னும் ஃபைபர் இணைப்பு வரவில்லை. மாடி அறையில் மட்டும் சிக்னல் நன்றாகக் கிடைப்பதால், பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்றில் சிம் போட்டு அங்கே வைத்து, ஹாட்ஸ்பாட்டை எப்போதும் இயக்கத்திலேயே வைத்திருக்கிறேன். பிள்ளைகளின் படிப்பும் என் அலுவலக வேலையும் அந்த ஒரு போனை நம்பித்தான் நடக்கின்றன. இதே ஏற்பாட்டை வைத்திருப்பவர்கள் பேட்டரியை எப்படிக் கவனித்துக்கொள்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. முதலில் என் வழியைச் சொல்கிறேன்.

லித்தியம் அயான் பேட்டரிக்குப் பகை, நூறு சதவீதத்தில் நாள்கணக்கில் நிற்பதும் சூடும்தான். முழுதாக நிறைந்த செல் 4.2 வோல்ட்டில், புதிய போன்களில் 4.4 வோல்ட் வரையிலும், நிற்கிறது. அந்த மின்னழுத்தத்தில் உள்ளிருக்கும் வேதிக்கரைசல் மெல்லச் சிதைந்து வாயு உண்டாகிறது. பரவலாக எடுத்தாளப்படும் கணக்கு ஒன்று உண்டு: 40 டிகிரி வெப்பத்தில் முழு சார்ஜுடன் ஓராண்டு கிடந்த செல் தன் கொள்ளளவில் ஏறத்தாழ 35 சதவீதத்தை இழக்கும், 40 சதவீத சார்ஜுடன் கிடந்தால் இழப்பு 15 சதவீதம்தான். சித்திரை வெயிலில் எங்கள் மாடி அறை எந்தப் பக்கம் நிற்கும் என்று சொல்லவே வேண்டாம்.

சாதாரண டைமர் பிளக்கைத் தவிர்த்தேன். பல்சக்கர டைமர் மின்தடையின்போது தானும் நின்றுவிடும். மின்சாரம் வந்தபின் அத்தனை நேரமும் பின்தங்கியே ஓடும். எனவே வைஃபை வழியாக இயக்கவும் நிறுத்தவும் கூடிய ஸ்மார்ட் பிளக்கை வைத்தேன். நாமே விதிகள் எழுத இடம்தரும் டாஸ்மோட்டா என்ற திறந்தநிலை மென்பொருள் அதில் ஏற்றியிருக்கிறது. போனில், நாமே எழுதும் சிறு நிரல்களை ஓட்டும் டெர்மக்ஸ் செயலி சில நிமிடங்களுக்கு ஒருமுறை பேட்டரி அளவைப் பார்க்கும். 45 சதவீதம் ஆனால் பிளக்கை இயக்கும், 70 ஆனால் நிறுத்தும்.

இதில் ஒரு சிக்கலை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். பிளக் அந்தப் போனின் ஹாட்ஸ்பாட்டில்தான் இணைந்திருக்கிறது. ஏதோ ஒரு காரணத்தால் டெர்மக்ஸ் நின்றுபோனால், பிளக்கை இயக்கச் சொல்ல ஆளில்லாமல் போன் இறங்கி அணைந்துவிடும். அணைந்தபின் பிளக்குக்குக் கட்டளை போகவே வழியில்லை. அதற்காகப் பிளக்கிலேயே ஒரு விதி எழுதினேன்: போனிலிருந்து இரண்டு மணி நேரம் எந்தச் செய்தியும் வராவிட்டால் அது தானாகவே இயங்கத் தொடங்கிவிடும். டெர்மக்ஸைப் பேட்டரிச் சிக்கனப் பட்டியலிலிருந்து விலக்கி வைப்பதும் கட்டாயம். இல்லையென்றால் ஆண்ட்ராய்டே அதைத் தூங்கவைத்துவிடும்.

திருச்சியிலிருந்து ஓர் உறுப்பினர்:

அருமையான ஏற்பாடு அண்ணா. எனக்கு அது பொருந்தாது. என் போன் யூஎஸ்பி டெதரிங் வழியாக, அதாவது போனின் இணையத்தைக் கேபிள் மூலம் கொடுக்கும் முறையில், ஓபன்டபிள்யூஆர்டி என்ற திறந்தநிலை மென்பொருள் ஓடும் ரவுட்டரில் இணைந்திருக்கிறது. டேட்டா வரும் கம்பியும் சார்ஜ் தரும் கம்பியும் ஒன்றே. பிளக்கை நிறுத்தினால் ரவுட்டரே நின்றுபோகும். கேபிளின் 5 வோல்ட் இழையை மட்டும் துண்டித்துவிடலாமே என்று பலர் கேட்பார்கள். அந்த வோல்ட்டைக் கண்டால்தான் எதிரில் ஒரு கணினி இருக்கிறது என்று போன் அறிகிறது. அதைத் துண்டித்தால் டேட்டாவும் போய்விடும்.

ஆகவே போனுக்குள்ளேயே சார்ஜை நிறுத்த வேண்டும். போனை ரூட் செய்து, அதாவது அதன் முழுக் கட்டுப்பாட்டையும் திறந்து, அதற்கு உதவும் மேஜிஸ்க் என்ற மென்பொருள் வழியாக, சார்ஜைக் கட்டுப்படுத்தும் ஏசிசி என்ற கருவியை நிறுவினேன். 75 வந்ததும் சார்ஜ் நிற்கும், 70க்கு இறங்கினால் மீண்டும் தொடங்கும். இதில் கவனிக்க வேண்டியது, போனுக்குள் சார்ஜை நிறுத்தும் சுவிட்ச், அதாவது நிறுத்தி, எந்த வகை என்பதுதான். ஒரு வகை வெளி மின்சாரத்தை முழுவதுமாக மறித்துவிடும். கேபிள் செருகியிருந்தும் போன் பேட்டரியிலேயே ஓடும், இறங்கி ஏறிக்கொண்டே இருக்கும். இன்னொரு வகை பேட்டரிக்குப் போகும் பாதையை மட்டும் மூடும். அப்போது போன் கேபிள் மின்சாரத்தில் ஓட, பேட்டரி சும்மா இருக்கும். எப்போதும் செருகியே வைக்கும் போனுக்கு இரண்டாவதுதான் வேண்டும். எல்லாப் போன்களிலும் அது கிடைப்பதில்லை. ஏசிசி ஒவ்வொரு நிறுத்தியாகச் சோதித்துச் சொல்லும்.

ரவுட்டரின் யூஎஸ்பி 2.0 துளை தரும் மின்சாரம் 500 மில்லி ஆம்பியர், அதாவது 2.5 வாட். 4ஜி சிக்னல் பலவீனமாக இருந்தால் போன் அதைவிட அதிகம் கேட்கும். கேபிள் செருகியிருந்தும் மாலை வேளையில் சார்ஜ் குறைவது அதனால்தான்.

கோவையிலிருந்து ஒரு கேள்வி:

ரூட் செய்யாமல் வழி இருக்கிறதா? வங்கிச் செயலியும் அதே போனில் இருக்கிறது, ரூட் செய்தால் அது இயங்காமல் போகலாம்.

திருச்சி:

முதலில் அமைப்புகளில் தேடிப் பாருங்கள். சாம்சங் போன்கள் பலவற்றில் பேட்டரியை 85 அல்லது 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி உண்டு. லினேஜ் ஓஎஸ் என்ற மாற்று ஆண்ட்ராய்டை ஏற்றக்கூடிய போன் என்றால், அதன் புதிய பதிப்புகளில் சார்ஜ் வரம்பு வைக்கும் வசதி பல போன்களுக்கு இருக்கிறது. ஆனாலும் வங்கிச் செயலியை வேறு போனுக்கு மாற்றிவிடுங்கள். பாதுகாப்பு மேம்பாடுகள் நின்றுபோன பழைய போன், அதுவும் இரவு பகலாக இணையத்தில் நிற்பது, பணம் வைக்கும் இடமல்ல.

திருநெல்வேலியில் போன் பழுதுபார்ப்பவர்:

நண்பர்களே, மென்பொருளைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு முக்கியமாகத் தோன்றுவதை மனம் திறந்து சொல்கிறேன். வாரம் ஒருமுறை அந்தப் போனைக் கையில் எடுத்துப் பாருங்கள். பின்மூடி ஓரம் பிரிந்திருக்கிறதா, திரை ஒரு பக்கம் தூக்கி நிற்கிறதா, மேசையில் வைத்தால் ஆடுகிறதா? மூன்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். மூடியை அழுத்திப் பொருத்தப் பார்ப்பவர்களைக் கண்டால் எனக்குப் பதைக்கிறது. உப்பிய பேட்டரியை அழுத்தவும் கூடாது, குத்திக் காற்றை விடவும் கூடாது. உள்தகடுகள் ஒன்றையொன்று தொட்டால் தீப்பிடிக்கும்.

போனுக்கு உறை போடாதீர்கள். மெத்தை, திரைச்சீலை, புத்தக அடுக்கு அருகே வைக்காதீர்கள். கடப்பாக்கல் அலமாரி போதும். டெர்மக்ஸ் பேட்டரியின் வெப்பநிலையையும் காட்டும். 40 டிகிரியைத் தாண்டினால் சார்ஜை நிறுத்தும்படி அதே நிரலில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். கழற்றிய பேட்டரியைக் குப்பையில் போடாதீர்கள். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பயன்படுத்திய பேட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு உற்பத்தியாளருக்கு உண்டு.

சென்னையிலிருந்து:

பேட்டரியையே எடுத்துவிட்டு ஓட்டுகிறேன். எஸ்டோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய போன்களைச் சிறு கணினி மையமாக்கியபோது, முதல் வேலையாகப் பேட்டரிகளை எடுத்துவிட்டு வெளி மின்சாரம் கொடுத்தார்கள் என்று படித்ததும் துணிவு வந்தது. ஆனால் சாலிடரிங் பழக்கம் உள்ளவர்கள் மட்டும் இதில் இறங்குங்கள். பேட்டரி முனையில் 5 வோல்ட்டை நேரடியாகக் கொடுக்கக் கூடாது. மின்னழுத்தத்தைக் குறைக்கும் பலகையை வைத்து 4 வோல்ட் அளவுக்கு நிலையாக இறக்க வேண்டும். மோடம் சிக்னல் அனுப்பும் நொடியில் 2 ஆம்பியர் வரை இழுக்கும் என்பதால், அந்தப் பலகை தாராளமானதாக இருக்கட்டும், கம்பி குட்டையாகவும் தடிப்பாகவும் இருக்கட்டும், முனையருகே பெரிய மின்தேக்கி ஒன்றும் இருக்கட்டும். பல பேட்டரிகளில் நடு முனை வெப்பநிலையைச் சொல்வது. அதைக் காணாவிட்டால் பல போன்கள் எழுந்திருக்கவே மறுக்கும். பழைய பேட்டரியின் தலைப்பகுதிச் சுற்றுப்பலகையைச் செல்லிலிருந்து பிரித்து அப்படியே பயன்படுத்தினால் இந்தத் தொல்லை தீரும். செல் ஓரளவு இறங்கியபிறகே பிரிக்க வேண்டும்.

இழப்பும் உண்டு. மின்சாரம் போன நொடியில் போனும் அணையும், திரும்பி வந்ததும் ஹாட்ஸ்பாட்டை யாராவது கையால் இயக்க வேண்டும். ரவுட்டருக்கு விற்கும் சின்ன யூபிஎஸ்ஸில் 5 வோல்ட் துளையும் இருந்ததால் அதில் இணைத்திருக்கிறேன். மின்தடை அடிக்கடி வரும் ஊர்க்காரர்கள் அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டுப் பேட்டரியில் கைவையுங்கள்.