பி.எம்.பி. புதுப்பித்தல்: சுயமாகப் படித்த நேரத்தை பி.டி.யு. கணக்கில் சேர்க்க முடியுமா?

கேள்வி

வணக்கம். திட்ட மேலாளர்களுக்கான என் பி.எம்.பி. சான்றிதழின் மூன்றாண்டுப் புதுப்பித்தல் சுழற்சி முடிய இன்னும் சில மாதங்களே உள்ளன. புதுப்பிக்க வேண்டிய 60 பி.டி.யு.க்களில் (தொழில்முறை வளர்ச்சி அலகுகள்) 34 பதிவாகிவிட்டன. அனைத்தும் கல்விப் பிரிவில் வந்தவை. 'வேஸ் ஆஃப் வொர்க்கிங்' (வேலை செய்யும் முறைகள்) 31, 'பவர் ஸ்கில்ஸ்' (மனிதர்களோடு பழகும் திறன்கள்) 3, 'பிசினஸ் அக்யூமென்' (வணிக அறிவு) ஒன்றுகூட இல்லை. கட்டண வகுப்பில் சேர இப்போது வசதியில்லை. பேச்சுவார்த்தைத் திறன் குறித்தும் நிறுவன நிதி குறித்தும் மாலை நேரங்களில் புத்தகங்கள் படித்துவருகிறேன். இதற்கு யாரும் சான்றிதழ் தரப்போவதில்லை என்பதால், பதிவு செய்தாலும் தணிக்கையில் தள்ளிவிடுவார்களோ என்று தயக்கமாக இருக்கிறது. தெரிந்தவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1

தயங்க வேண்டாம். கல்விப் பிரிவில் வாசிப்புக்கும் சுயமாகக் கற்பதற்கும் சான்றிதழ் வழங்கும் பி.எம்.ஐ. அமைப்பு இடம் வைத்திருக்கிறது, ஒரு மணி நேரம் கற்றால் ஒரு பி.டி.யு., கால் மணி நேரத்துக்கு 0.25 என்பதே கணக்கு.

உங்கள் உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கல்விப் பிரிவில் குறைந்தது 35 வேண்டும் என்பதோடு, நீங்கள் குறிப்பிட்ட மூன்றும் சேர்ந்த திறன் முக்கோணத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் 8க்குக் குறையக் கூடாது என்ற விதியும் இருப்பதால், இனி 'வேஸ் ஆஃப் வொர்க்கிங்' பக்கத்தில் எவ்வளவு சேர்த்தாலும் அந்தக் குறை தீராது. 'பவர் ஸ்கில்ஸ்' பக்கத்தில் இன்னும் 5, 'பிசினஸ் அக்யூமென்' பக்கத்தில் 8 என 13ஐ முதலில் முடித்துவிடுங்கள். நீங்கள் படித்துவரும் இரண்டு பொருள்களும் சரியாக அந்த இரண்டு பக்கங்களுக்கே உரியவை. அப்போது மொத்தம் 47 ஆகும். மீதி 13ஐ எந்தப் பக்கத்திலும் ஈட்டலாம்.

பதில் 2

தணிக்கை பற்றி ஒரு வார்த்தை. தற்செயலாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறவர்கள் சான்று காட்ட வேண்டியிருக்கும். சுயமாகக் கற்றதற்கு உங்கள் குறிப்புகளும் தேதிகளுமே சான்று. ஆகவே படித்த அன்றே எழுதிவிடுவது மிக முக்கியம். தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், புத்தகத்தின் பெயர், படித்த அத்தியாயம் ஆகியவற்றுக்குக் கீழே, "நிகர நடப்பு மதிப்பைக் கொண்டு இரண்டு திட்டங்களை ஒப்பிடும் முறை; தள்ளுபடி விகிதம் உயர்ந்தால், பலன் தாமதமாகக் கிடைக்கும் திட்டத்தின் மதிப்பு அதிகமாகக் குறையும்" என்பதுபோல் கற்றதை உங்கள் சொற்களில் எழுதுங்கள். "நிதி பற்றிப் படித்தேன்" என்று மட்டும் எழுதி வைத்தால், பிறகு கேட்கும்போது உங்களுக்கே விளக்க வராது. சுழற்சி முடிந்த பின்னும் குறைந்தது 18 மாதங்கள் இந்தக் குறிப்புகளைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. இன்னும் இரண்டு சந்தேகங்கள். ஒரே புத்தகம் இரண்டு திறன் பக்கங்களையும் தொட்டால் நேரத்தை எப்படிப் பிரிப்பது? அலுவலகத்தில் திட்ட மேலாளராக நான் செய்யும் வேலையையும் கற்றல் நேரமாகக் காட்டலாமா?

பதில் 1

புத்தகத்தை முழுதாக ஒரே திறன் பக்கத்தில் போட வேண்டியதில்லை. எந்த அத்தியாயத்துக்கு எவ்வளவு நேரம் செலவிட்டீர்களோ அதன்படி பிரித்துப் பதியுங்கள். நேரக் குறிப்பு இருந்தால் இந்தப் பிரிப்பு தானாகவே அமைந்துவிடும்.

வேலை செய்த நேரத்தைக் கற்றலாகக் காட்டக் கூடாது. அதற்கு, துறைக்குத் திருப்பித் தருவதற்கான 'கிவிங் பேக்' பிரிவில் தனி இடம் உண்டு. அந்தப் பிரிவுக்கு மொத்த உச்சவரம்பு 25. அதிலும் துறையில் பணிபுரிவதற்காக ஒரு சுழற்சியில் 8க்கு மேல் கிடைக்காது. உங்கள் மீதி 13இல் அந்த 8ஐ எடுத்துக்கொண்டால், இன்னும் 5 மணி நேர வாசிப்பு போதும்.

பதில் 2

கடைசி வாரம் வரை தள்ளிப்போட வேண்டாம் என்று அக்கறையோடு கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு புத்தகமும் முடிந்தவுடன் பதிவு செய்யுங்கள். 60ஐத் தாண்டிவிட்டாலும் வீணாகாது. சுழற்சியின் இறுதி ஆண்டில் கூடுதலாக ஈட்டியவற்றில் 20 வரை அடுத்த சுழற்சிக்குக் கொண்டு செல்லலாம். 60 பதிவானதும் புதுப்பித்தல் கட்டணத்தையும் மறவாமல் செலுத்துங்கள். அதைச் செலுத்தினால்தான் சான்றிதழ் புதுப்பிக்கப்படும்.