மாடுலரா, மேனுஃபாக்சர்டா? அமெரிக்காவில் வீடு பார்க்கப் போன அனுபவங்கள்

பேர்லாண்ட், டெக்சாஸ்:

மீனாட்சி கோவில் பக்கம் வாடகைக்கு இருக்கிறோம். போன வருடம் ஆல்வினைத் தாண்டி ஒரு ஏக்கர் நிலத்தோடு ஒரு வீடு விற்பனைக்கு வந்தது. விளம்பரத்தில் 'மாடுலர் ஹோம்' என்று இருந்தது, அதாவது ஃபாக்டரியில் பகுதிகளாகச் செய்து மனையில் பொருத்தும் வீடு. மூன்று படுக்கையறை, விசாலமான சமையலறை, சுவரெல்லாம் ஷீட்ராக் எனப்படும் ஜிப்சம் பலகை. உள்ளே நின்று பார்த்தால் சாதாரண வீட்டுக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியாது. மனைவிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

வெளியே சுற்றி வந்தபோது பின்சுவரின் கீழ் மூலையில் ஒரு சிவப்பு உலோகத் தகட்டைப் பார்த்தேன். இரண்டு அங்குல உயரம், நாலு அங்குல நீளம் இருக்கும். மூன்று எழுத்து, தொடர்ந்து ஒரு எண். வீட்டின் மறுபாதியிலும் அதே மாதிரி இன்னொன்று. கூட வந்த ஏஜென்ட், "ஃபாக்டரி சீல்தான் சார், எல்லா மாடுலர் வீட்டிலும் இருக்கும்" என்றார். அது சரியில்லை. அந்தச் சிவப்புத் தகடு, ஹட் எனப்படும் மத்திய வீட்டுவசதித் துறையின் விதிப்படி கட்டிய மேனுஃபாக்சர்டு வீட்டுக்கு மட்டுமே உரியது. மாடுலர் வீட்டில் இருப்பது மாநில அரசின் முத்திரை.

இரண்டும் ஃபாக்டரியில் செய்து லாரியில் வருபவைதான். ஆனால் கட்டுப்படுகிற சட்டம் வேறு. மேனுஃபாக்சர்டு வீட்டுக்கு 1974இல் வந்த மத்திய சட்டம். அதன் விதிகள் 1976 ஜூன் 15 முதல் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன் செய்தவைதான் மொபைல் ஹோம். மாடுலர் வீடோ, மனையில் செங்கலும் மரமும் இறக்கிக் கட்டும் வீட்டுக்கு உள்ள அதே மாநில, உள்ளூர் கட்டட விதிகளின் கீழ் வரும்.

வீட்டின் அடிப்பகுதியை மறைக்கும் ஸ்கர்ட்டிங் பலகை ஒன்றை விலக்கி டார்ச் அடித்துப் பார்த்தோம். நீளவாக்கில் இரும்பு உத்தரங்கள். சக்கரமும் அச்சும் கழற்றியிருந்தாலும் வீட்டைத் தாங்கும் இரும்புச் சட்டமான சேசிஸ் அப்படியே இருந்தது. மேனுஃபாக்சர்டு வீட்டில் சேசிஸ் வீட்டின் நிரந்தர அங்கம். படுக்கையறை அலமாரிக்குள் ஒட்டியிருந்த டேட்டா பிளேட் என்ற விவரத் தாளில், வீடு எந்த அளவு காற்றைத் தாங்கும் என்பதற்கான பிரிவு, காற்று மண்டலம் 2 என்று இருந்தது. கடலோரமான பிரசோரியா கவுன்டிக்கு அதுதான் சரி. 1992இல் ஆண்ட்ரூ புயலில் இந்த வகை வீடுகள் ஏராளமாக நொறுங்கின. அதன்பின் 1994இல் காற்று விதிகளைக் கடுமையாக்கினார்கள். ஆக, வீட்டின் தரத்தில் எனக்குக் குறை தெரியவில்லை.

சிக்கல் காகிதத்தில். டெக்சாஸில் இந்த வீடுகளுக்கு மாநில அரசு தரும் தனி உடைமைச் சான்று உண்டு. அதில் வீடு அசையும் சொத்து என்று பதிவாகியிருந்தது. நிலம் அசையாச் சொத்து, மேலே நிற்கும் வீடு அசையும் சொத்து! வழக்கமான 30 வருட வீட்டுக்கடன் இந்த நிலையில் கிடைக்காது, அசையும் சொத்துக்கான சாட்டல் லோன்தான் என்று கடன் அதிகாரி சொல்லிவிட்டார். அதற்கு வட்டி கூட, தவணைக் காலம் குறைவு. முதலில் அசையாச் சொத்தாக மாற்றிக் கவுன்டியில் பதிவுசெய்யுங்கள், அஸ்திவாரத்துக்கு இன்ஜினியர் சான்றும் வாங்குங்கள் என்று கேட்டோம். விற்பவர் ஒப்புக்கொள்ளவில்லை. விலையை மட்டும் மாடுலர் வீட்டுக் கணக்கில் வைத்திருந்தார். வேண்டாம் என்று வந்துவிட்டோம்.

ஆலன்டவுன், பென்சில்வேனியா:

நாங்கள் மாடுலர் வீடு கட்டிக் குடிவந்தவர்கள். அஸ்திவாரமும் பேஸ்மென்ட்டும் முன்பே தயாராக இருந்தன. காலையில் லாரிகளில் பெட்டிகள் வந்தன, கிரேன் ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்தது, இருட்டுவதற்குள் மாடி வீடு நின்றது. தெருவே வேடிக்கை பார்த்தது. ஆனால் அன்றே வீடு முடிந்துவிட்டதாக நினைக்கக் கூடாது. மூட்டுகளை அடைப்பது, கரண்ட், தண்ணீர் இணைப்பு, பெயின்ட் என்று உள்வேலை வாரக்கணக்கில் ஓடும்.

இரண்டு பெட்டிகள் சேரும் இடத்தில் இரண்டு சுவர் ஒட்டி நிற்பதால் ஹாலிலிருந்து சமையலறைக்குப் போகும் வாசல் வழக்கத்தைவிடத் தடிமனாக இருக்கும். எங்கள் வீட்டுக்கு வருபவர்கள் அதைத்தான் தொட்டுப் பார்ப்பார்கள். மாநில முத்திரை சிங்க்குக்குக் கீழே அலமாரிக்குள் இருக்கிறது. சுவருக்குள் ஓடும் வயரிங்கை ஃபாக்டரியிலேயே சோதித்துவிடுவதால் ஊர் இன்ஸ்பெக்டர் அஸ்திவாரத்தையும் இணைப்புகளையும்தான் பார்த்தார். மதிப்பீட்டாளர் பக்கத்துத் தெருவின் சாதாரண வீடுகளோடு ஒப்பிட்டே விலை போட்டார். கடனிலும் தொந்தரவு இல்லை. ஒன்று மட்டும்: ரொம்ப மலிவு என்று நம்பி இறங்காதீர்கள். கிரேன், போக்குவரத்து, அஸ்திவாரம் எல்லாம் தனிச்செலவு. எங்களுக்கு மிச்சமானது பணத்தைவிடக் காலம்தான்.

ஒகாலா, ஃப்ளோரிடா:

மேனுஃபாக்சர்டு என்றாலே மட்டம் என்று ஒதுக்க வேண்டாம் என்பதற்காகவே எழுதுகிறேன். ரிட்டயர் ஆனபின் நானும் கணவரும் டபுள்-வைடு, அதாவது இரண்டு பாதிகளைச் சேர்த்த மேனுஃபாக்சர்டு வீடு வாங்கினோம். எங்கள் கையிருப்பில் கடனில்லாமல் வேறு எந்த வீடும் கிடைத்திருக்காது. வீட்டை மண்ணோடு பிடித்துவைக்கும் பட்டைகளையும் ஆங்கர்களையும் புயல் சீசனுக்கு முன் ஆள் வைத்துப் பார்த்துவிடுகிறோம். துரு ஏறினால் மாற்றிவிட வேண்டும்.

ஆனால் நிலம், இந்த மாதிரி வீடுகள் சேர்ந்து நிற்கும் பார்க்கின் உரிமையாளருடையது. வீடு நமது, மனை வாடகை. அந்த லாட் ரென்ட் வருடா வருடம் ஏறுகிறது, வீட்டின் விலை அப்படி ஏறுவதில்லை. மொபைல் ஹோம் என்ற பழைய பெயரில்தானே இன்னும் சொல்கிறார்கள், பிடிக்காவிட்டால் தூக்கிக்கொண்டு போகலாம் என்று நினைப்பவர்கள், நகர்த்தும் கூலியை விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள். எங்களைக் கேட்டால் வீட்டைவிட முக்கியம் லீஸ். வாடகை எப்படி ஏறும், பார்க்கை விற்றால் என்ன ஆகும் என்று எழுத்தில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ராலே, வட கரோலினா:

சொந்த நிலத்தில் மேனுஃபாக்சர்டு வீடு வைக்க நினைப்பவர்கள் அந்த மனையின் பத்திரத்தோடு வரும் டீட் கட்டுப்பாடுகளை முதலில் படிக்க வேண்டும். கவுன்டி அனுமதித்தாலும் குடியிருப்புச் சங்க விதி தடுக்கலாம். நாங்கள் பார்த்த மனை அப்படித்தான் கைவிட்டுப் போனது. மாடுலருக்கு அங்கே தடையில்லை.

பேர்லாண்ட் நண்பருக்கு ஒரு கேள்வி. இப்போது பார்க்கும் வீட்டில் வெளிச்சுவரை மூடிப் புதிதாக வினைல் சைடிங் அடித்திருக்கிறார்கள். சிவப்புத் தகட்டைக் காணோம். என்ன செய்வது?

பேர்லாண்ட், டெக்சாஸ்:

தகட்டை மறுபடி தரமாட்டார்கள். ஆனால் ஐபிடிஎஸ் என்ற நிறுவனம் ஹட் பதிவேடுகளைப் பார்த்து லேபிள் சரிபார்ப்புக் கடிதம் தருகிறது, கடன் கொடுப்பவர்கள் அதை ஏற்பார்கள். விண்ணப்பத்துக்கு வீட்டின் சீரியல் எண் தேவை. அலமாரிக்குள் டேட்டா பிளேட் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் சேசிஸின் முன்பக்கக் குறுக்கு உத்தரத்தில் அந்த எண் பொறித்திருக்கும். பெயின்ட் ஏறியிருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்க்க வேண்டிவரும், ஒன்றை எடுத்துப் போங்கள்.