பழைய மவுண்டன் சைக்கிளைத் தினசரி ஓட்டத்துக்குக் கொண்டுவந்தவர்கள் சொல்லுங்கள்

ரங்கூனிலிருந்து:

பெட்ரோல் வரிசையில் நின்று அலுத்துப்போய் சைக்கிளுக்கு மாறியவர்களில் நானும் ஒருவன். ஜப்பானிலிருந்து வந்திறங்கும் பழைய சைக்கிள் குவியலில், கூடை வைத்த வண்டிகளுக்கு நடுவே எப்போதாவது ஒரு மவுண்டன் சைக்கிள் தலைகாட்டும். எனக்கு அகப்பட்டது எண்பதுகளின் பிற்பகுதி ஸ்டீல் ஃபிரேம். வயதைக் காட்டிக்கொடுத்தது பின் பிரேக்தான். பெடல் அச்சுக்குப் பின்னால், கீழ்க்குழாய்களுக்கு அடியில் இருந்தது. யூ-பிரேக் என்பார்கள். 1986 வாக்கில் பரவி, சேறு அப்புகிறது என்று சில வருடங்களிலேயே கைவிடப்பட்ட ஏற்பாடு.

விலை பேசுவதற்கு முன் சீட் கம்பி அசைகிறதா என்று பாருங்கள். ஃபிரேம் இரும்பு, கம்பி அலுமினியம், இடையில் வருடக்கணக்கில் மழைத்தண்ணீர். அலுமினியம் பூத்துப்போய்க் குழாயோடு ஒட்டிக்கொள்ளும். என் வண்டியில் அப்படித்தான் இருந்தது. அதைக் காட்டித்தான் விலையை அடித்துப் பேசினேன். வெல்டிங் பட்டறை அண்ணன் "சூடு காட்டுனா வந்துடும் தம்பி" என்றார். நான் விடவில்லை. சூட்டில் இரும்பைவிட அலுமினியம்தான் அதிகம் விரியும், இன்னும் இறுகிவிடும். பாட்டம் பிராக்கெட்டை (பெடல் அச்சும் அதைத் தாங்கும் பாகங்களும்) கழற்றி, ஃபிரேமைத் தலைகீழாக நிறுத்தி, அந்த ஓட்டை வழியே துரு எண்ணெய் ஊற்றி ஊறவிட்டோம். பிறகு கம்பியைச் சுற்றி ஐஸ் கட்டி வைத்து, கம்பியின் தலையைப் பட்டறை வைஸ் பிடியில் இறுக்கி, ஃபிரேமையே பிடித்துத் திருகினோம். ஒரு முறுக்கில் 'கிறீச்' என்று சத்தம். வெள்ளைப் பொடி கொட்டியது. அதற்கப்புறம் வழிக்கு வந்துவிட்டது. கம்பி தேறவில்லை, ஃபிரேம் தப்பியது.

பாட்டம் பிராக்கெட்டைக் கழற்றும்போது வலதுபக்கக் கப் (அச்சைத் தாங்கும் திருகு மூடி) இடமரை என்பதை மறந்துவிடாதீர்கள். கடிகாரம் சுற்றும் பக்கம் திருப்பினால்தான் கழலும். மறந்து எதிர்ப்பக்கம் பலம் காட்டினால் மரை போய்விடும்.

ஓவராயில் செய்யும்போது (முழுதாகப் பிரித்துப் பூட்டும்போது) பழைய பால்ஸை, அதாவது இரும்புக் குண்டுகளை, கழுவித் திரும்பப் போடும் பழக்கம் நம் கடைகளில் உண்டு. எனக்கு அது பிடிக்காது. பின் ஹப்புக்கு (சக்கரத்தின் நடுக்குடத்துக்கு) பக்கத்துக்கு 9 வீதம் கால் அங்குல பால்ஸ், முன் ஹப்புக்குப் பக்கத்துக்கு 10 வீதம் 3/16 அங்குலம். மொத்தமும் ஒரு தேநீர்ச் செலவுதான். பால்ஸ் உருளும் கோனை மட்டும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். அம்மைத்தழும்பு மாதிரிக் குழி விழுந்திருந்தால் எவ்வளவு கிரீஸ் அப்பினாலும் கரகரப்பு போகாது.

இன்னொன்று, டயர். 26 என்று கேட்டால் கடைக்காரர் 26 × 1 3/8 எடுத்துத் தருவார், ஏனென்றால் கூடை வண்டிகளுக்கு அதுதான். அதன் ரிம் விட்டம் 590 மி.மீ. நம் வண்டிக்கு 559. டயரில் 1.5, 1.75, 1.95 என்று தசமத்தில் எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். தார்ரோட்டுக்கு 1.5 வழுக்கை டயர் போதும்.

பெயின்ட் அடிக்கவில்லை, அடிக்கவும் மாட்டேன். கீறலோடு நிற்கிற வண்டியைத் திருடனும் திரும்பிப் பார்ப்பதில்லை.

மோல்மீனிலிருந்து:

அண்ணே, யூ-பிரேக் பற்றி ஒன்று. பிரேக் கட்டை தேயத் தேய மேலே ஏறி டயரை உரசும். எங்க ஊர் மழைக்காலத்தில் ரோட்டு மணலே கட்டையைத் தின்றுவிடும், அதனால் வாராவாரம் குனிந்து பார்த்துவிடுவேன். எனக்குத் தெரிந்த பையன் ஒருத்தன் பார்க்காமல் விட்டான், பின் டயர் பக்கவாட்டில் பிளந்துவிட்டது.

என் வண்டி 7 பல்சக்கர ஃப்ரீவீல், அதாவது பல்சக்கரக் கொத்தை ஹப்பின் மேல் திருகி மாட்டும் பழைய வகை. அந்த ஹப்பில் வலதுபக்க பால்ஸ் உள்ளே தள்ளி இருக்கும், அச்சு வெளியே நீட்டிக்கொண்டு பாரம் சுமக்கும். அரிசி மூட்டையோடு பள்ளத்தில் இறங்கினால் வளையாமல் என்ன செய்யும்? கேசட் ஹப் (பல்சக்கரக் கொத்தைச் செருகி மாட்டும் வகை, வலதுபக்க பால்ஸ் வெளி ஓரத்தில் இருக்கும்) போட்ட சக்கரம் வாங்கி மாட்டினேன். ஃபிரேமில் பின் சக்கரம் உட்காரும் இடைவெளி 130 மி.மீ., புதுச் சக்கரத்துக்கு 135. ஸ்டீல் என்பதால் கையால் விரித்தே உட்காரவைத்தாச்சு. சன்டூர் கட்டைவிரல் கியர் லிவரை மாற்றவில்லை. கிளிக் கிடையாது, கையுணர்வில் நகர்த்துவதுதான். அதனால் எந்த கேசட்டுக்கும் ஒத்துப்போகிறது. அதைத் தூக்கிப்போடச் சொல்கிறவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

பெகுவிலிருந்து:

பின்னாடி அந்த யூ-பிரேக்கைக் கழற்றிவிட்டு, ரிம்மின் இருபுறமும் நீளக் கைகள் நிற்கிற வி-பிரேக் போடலாமா?

ரங்கூனிலிருந்து:

முடியாது தம்பி. யூ-பிரேக்கை மாட்டும் ஃபிரேம் குமிழ் ரிம்முக்கு மேலே இருக்கும், வி-பிரேக்குக்குக் கீழே இருக்க வேண்டும். முன்னால் கான்டிலீவர் (இரண்டு குட்டைக் கைகளை ஒரு குறுக்குக் கேபிள் இழுக்கும் பழைய பிரேக்) இருந்தால் அதை வி-பிரேக்காக மாற்றலாம், ஆனால் லிவரையும் சேர்த்து மாற்று. பழைய லிவர் இழுக்கும் கேபிள் நீளம் பற்றாது. கான்டிலீவரையே வைத்துக்கொள்வதானால் முன்பக்க ரிஃப்ளெக்டர் பட்டையைக் கழற்றாதே. பிரதான கேபிள் அறுந்தால் குறுக்குக் கேபிள் டயரில் விழுந்து சக்கரத்தைப் பூட்டிவிடாமல் தடுப்பது அதுதான்.

செயினையும் அளந்து பார். 12 அங்குலத்துக்கு 1/16 அங்குலம் நீண்டிருந்தால் செயினை மட்டும் மாற்று. 1/8 போயிருந்தால் பல்சக்கரமும் சேர்த்துத்தான்.

அப்புறம், உங்கள் பக்கம் யாரிடமாவது 26.8 மி.மீ. சீட் கம்பி இருந்தால் சொல்லு. இங்கே கேட்ட கடையில் எல்லாம் 27.2-ஐத்தான் நீட்டுகிறார்கள். 0.4 மி.மீ.தானே என்று அடித்து இறக்கச் சொல்கிறார் வெல்டிங் அண்ணன்.