சீருக்கு கிச்சன் சாமான் வாங்கின அனுபவம், நீங்களும் உங்க அனுபவத்த சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். தை மாசம் எங்க பொண்ணு கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுது. நாங்க ஸ்ரீரங்கம். சீருக்கு ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், மிக்ஸி, கிரைண்டர், அடுப்பு, குக்கர்னு எல்லாத்தையும் ஒரே மாசத்துல வாங்க வேண்டியதா போச்சு. அந்த மூணு வாரம் நான் அலைஞ்சது இன்னொரு அம்மாவுக்கு உபயோகப்படட்டும்னுதான் எழுதறேன்.

முதல்ல போன கடையில "சீர் காம்போ"ன்னு ஒண்ணு வச்சிருந்தாங்க. 5 சாமான் சேத்து 49,990. கேக்கும்போதே மனசு இறங்கிடுச்சு, என் வீட்டுக்காரர் அட்வான்ஸ் குடுக்க பர்ஸையே எடுத்துட்டார். நான்தான் ஒரு நாள் பொறுங்கன்னு சொல்லி, அஞ்சு சாமானோட மாடல் நம்பரையும் ஒரு பேப்பர்ல எழுதி வாங்கிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து ஒவ்வொண்ணா விலை பாத்தா, ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் நியாயமான விலைதான், ஆனா மிக்ஸியும் அடுப்பும் நாங்க பேரே கேள்விப்படாத கம்பெனி, அதுக்கு திருச்சில சர்வீஸ் சென்டரே இல்ல. தனித்தனியா அதே ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் வாங்கி, நமக்குப் புடிச்ச மிக்ஸி, கிரைண்டர், அடுப்பு சேத்தா காம்போவ விட 3,000 சொச்சம்தான் கூட வந்துச்சு. அந்த 3,000க்காக பொண்ணு வீட்டுல தினமும் பொழங்கற ரெண்டு சாமான்ல கைய வைக்கணுமான்னு தோணிச்சு.

அடுத்த நாள் காலைல கடைக்குப் போகல, எங்க தெருமுனைல மிக்ஸி ரிப்பேர் பண்ற அண்ணன்கிட்ட போய் உக்காந்துட்டேன். 25 வருஷமா அதே தொழில். "எதும்மா நல்ல மிக்ஸின்னு கேக்காத, எந்த மிக்ஸிக்கு எங்கிட்ட கப்ளரும் ஜார் புஷ்ஷும் கார்பன் பிரஷ்ஷும் கையிருப்புல இருக்குன்னு கேளு"ன்னார். கப்ளர்னா மோட்டாரையும் ஜாரையும் இணைக்கற பல்லு மாதிரி துண்டு, புஷ்னா ஜார் அடியில பிளேடு கம்பி சுத்தற வளையம், கார்பன் பிரஷ் மோட்டாருக்குள்ள கரண்ட கடத்தறது. பாருங்க, மிக்ஸில மோட்டார் 5 வருஷ வாரண்டின்னு பெரிய எழுத்துல போட்டிருப்பாங்க, ஆனா வழக்கமா தேயறது கப்ளரும் புஷ்ஷும் பிளேடும், அதெல்லாம் வாரண்டில வராது. இந்த சாமான் எந்த கடையிலயும் கெடைச்சா 50, 100 ரூபால வேலை முடியும். கெடைக்கலைன்னா ஜாரையே புதுசா வாங்கணும், அது 800, 1,000ன்னு போகும். ரெண்டு பேர் இருக்கற வீட்டுக்கு 500 வாட்டே போதும், தினம் தேங்கா மசாலா நெறைய அரைக்கற வீடா இருந்தா 750 எடுன்னும் அவர்தான் சொன்னார்.

இன்னொண்ணும் காமிச்சார். மிக்ஸிக்கு அடியில ஒரு சின்ன செவப்பு பட்டன் இருக்கு, ஓவர்லோடு ஆனா அது தானா விட்டுடும், மிக்ஸி செத்துப்போன மாதிரி நிக்கும். கொஞ்ச நேரம் ஆறவிட்டு அமுக்கினா ஓட ஆரம்பிச்சிடும். மிக்ஸி ஓடலைன்னு கொண்டு வர்றவங்கள்ல எத்தனையோ பேருக்கு இத அமுக்கி மட்டும் குடுத்து அனுப்பறேன்னார், அவர் அதுக்கு காசு வாங்கறதில்ல.

அடுப்புக்கு பொண்ணு கண்ணாடி டாப்தான் வேணும்னா. அழகுதான், ஆனா கண்ணாடி வெடிச்சா பெரும்பாலும் வாரண்டில வராதுங்கறத கார்டுல வாசிச்சு காமிச்சு அப்புறம் அவள முடிவு பண்ண சொன்னேன், அவளே ஸ்டீல் எடுத்தா. வீட்டுலேர்ந்து 5 லிட்டர் குக்கரையும் தோசைக்கல்லையும் பையில போட்டு எடுத்துட்டுப் போயிருந்தேன். மூணு பர்னர்லயும் வச்சுப் பாத்தா, ஒரு மாடல்ல குக்கர வச்சா பக்கத்துல தோசைக்கல் உக்காரவே இல்ல. அளவு டேப்ல பாத்தா இது தெரியாது, பாத்திரத்தோட போங்க. குக்கர்லயும் அடுப்புலயும் ஐஎஸ்ஐ முத்திரைய கண்ணால பாத்து வாங்குங்க, குக்கருக்கு 2021லேர்ந்து அது கட்டாயம்.

நீங்க எப்படி வாங்கினீங்க, எங்க ஏமாந்தீங்க, எங்க லாபம் பாத்தீங்க, சொல்லுங்க.

*

அக்கா, நான் 6 வருஷம் ஒரு பெரிய ஷோரூம்ல ஃப்ளோர்ல நின்னவன், இப்ப வேற வேலை. அதனால உள்ள நடக்கறத சொல்றேன்.

கடையில டீஷர்ட் போட்டு நிக்கற பசங்கள்ல நெறைய பேரு கடை ஆளு கிடையாது, கம்பெனி ப்ரோமோட்டர். சம்பளம் கம்பெனி குடுக்குது, அந்த கம்பெனி பீஸ் எத்தன வித்தான்னுதான் இன்சென்டிவ். அவன்கிட்ட போய் எது நல்லதுன்னு கேட்டா அவன் கம்பெனியதான் சொல்லுவான், அவன் மேல தப்பு சொல்ல முடியாது, அவன் பொழப்பு அது. ஒரே ஃபிரிட்ஜ மூணு கம்பெனி ப்ரோமோட்டர்கிட்டயும் காட்டி "இதுல என்ன குறை"ன்னு கேளுங்க, போட்டிக்காரன் சாமான்ல உள்ள குறைய அவன்தான் சரியா சொல்லுவான்.

மாசக் கடைசி நாலு நாள்ல வாங்க. டார்கெட் ரெண்டு பீஸ் பாக்கி இருந்தா மேனேஜரே எறங்கி வருவார், அதே ஆள் 5ஆம் தேதி போனா மொகம் குடுத்து பேசமாட்டார். ஆடித் தள்ளுபடி, தீபாவளி எல்லாம் நல்ல விலைதான், ஆனா கூட்டத்துல பேரம் பேச நேரம் கெடைக்காது, பெட்டியப் பிரிச்சு காமிக்கவும் ஆள் இருக்காது.

ஹாட்பாக்ஸ், டின்னர் செட்டுன்னு ஃப்ரீ குடுப்பாங்கல்ல, "கிஃப்ட் வேணாம், அந்த காச கழிச்சு பில் போடுங்க"ன்னு சொல்லிப் பாருங்க. நான் இருந்த கடையில பத்துக்கு ஏழு தடவ கழிப்பாங்க. எக்ஸ்டெண்டட் வாரண்டி சொல்லும்போது மட்டும் நிதானமா இருங்க, கடைக்கு அதுல கமிஷன் நல்லா நிக்கும், அதனாலதான் பில் கவுண்டர்ல வச்சு அவசர அவசரமா கேப்பாங்க. அதோட, ஆன்லைன்லயும் கடையிலயும் ஒரே சாமானுக்கு மாடல் நம்பரோட கடைசி ரெண்டு எழுத்து மட்டும் மாறியிருக்கும், ஒப்பிட்டுப் பாக்க முடியாம போறது அதனாலதான். நம்பர விட்டுட்டு லிட்டர், கரண்ட் சிக்கனத்துக்கு போடற ஸ்டார், வருஷத்துக்கு ஆகற யூனிட் மூணையும் வச்சு ஒப்பிடுங்க.

பெட்டி மேல தயாரிச்ச மாசம் வருஷம் போட்டிருக்கும். ஒரு வருஷத்துக்கு மேல பழசா இருந்தா அத காமிச்சு விலை கொறைங்க, டிஸ்ப்ளே பீஸுக்கும் அப்படித்தான்.

*

ஏனுங்க, கிரைண்டர பத்தி ஒருத்தரும் சொல்லலைங்களே. நான் கோயமுத்தூர், எங்கப்பா கிரைண்டர் பட்டறைல லேத் ஓட்டினவருங்க. கிரைண்டர கண்டுபுடிச்சதே எங்கூருதான், 1955ல சபாபதிங்கறவரு செஞ்சதா சொல்லுவாங்க, கோயமுத்தூர் வெட் கிரைண்டருக்கு புவிசார் குறியீடே இருக்குதுங்க.

கிரைண்டர்ல காசு குடுக்கறது கல்லுக்கும் டிரம்முக்கும்தானுங்க, மேல இருக்கற பிளாஸ்டிக் பாடி கலருக்கு இல்ல. கடையிலயே டிரம்ல ரெண்டு டம்ளர் தண்ணி ஊத்தி ஓட்டச் சொல்லுங்க. நடு கம்பி பக்கம் தண்ணி கசியுதா, குழவி ஆடுதா, டேபிள் அதிருதான்னு 5 நிமிசத்துல தெரிஞ்சிரும். சும்மா காஞ்ச கல்ல ஓட்ட வுடாதீங்க. டிரம்ம கையில தூக்கிப் பாருங்க, உங்கம்மாவால தூக்கி கழுவ முடியுமா? எங்க வீட்டுல டில்டிங், அதான் டிரம்ம தூக்காம சாய்ச்சு மாவு எடுக்கற மாடல், வாங்கினதே அதுக்குத்தானுங்க, அம்மாவுக்கு முட்டி வலி.

புதுசு வந்ததும் மொத ரெண்டு தடவ அரிசிய போட்டு அரைச்சு அந்த மாவ கொட்டிருங்க, கல்லு தூளு போகணும். பெல்ட் ஒண்ணு வாங்கறப்பவே சேத்து வாங்கிருங்க.

வரி சமாச்சாரமும் சொல்லிர்றேன். கிரைண்டருக்கு 5 சதவீதமா இருந்த ஜிஎஸ்டி 2022 ஜூலைல 18 ஆச்சுங்க, எங்க சனத்துக்கு அது பெரிய அடி. அதுக்கப்புறம் "பில் வேண்டாம்னா 700 கம்மி"ன்னு சில பேரு கேப்பாங்க. ஒத்துக்காதீங்க. எங்க பெரியம்மா அப்படி வாங்கி எட்டாவது மாசம் மோட்டார் போச்சு, பில் இல்லாததால வாரண்டின்னு வாயே தொறக்க முடியல, 1,900 செலவு.

*

நான் சென்னை பெரம்பூர். ஃபிரிட்ஜுக்கு நான் போட்ட கணக்க சொல்றேன்பா, யாருக்காச்சும் யூஸ் ஆகும்.

ரெண்டு ஃபிரிட்ஜ், ஒரே கம்பெனி, ஒரே லிட்டர், ஒண்ணு 2 ஸ்டார் ஒண்ணு 3 ஸ்டார். ஸ்டிக்கர்ல வருஷத்துக்கு எத்தன யூனிட்னு போட்டிருக்கும், ரெண்டுக்கும் 55 யூனிட்தான் வித்தியாசம். யூனிட்டுக்கு 6 ரூபான்னு வச்சாலும் வருஷம் 330 ரூபா. விலை வித்தியாசம் 4,200. அப்ப அந்த காசு திரும்பி வர 12 வருஷத்துக்கு மேல ஆகும். நான் 2 ஸ்டாரே எடுத்தேன். ஆனா எங்க மாமா வீட்டுல ரெண்டு மாச ரீடிங் எப்பவும் 490, 510ன்னு 500 பக்கத்துலயே நிக்கும், 500 தாண்டிட்டா அந்த 101லேர்ந்து 200 வரைக்கும் இருக்கற கம்மி ரேட்டும் போயிடும், மொத்த பில்லும் ஒரு குதி குதிக்கும். அவங்களுக்கு 3 ஸ்டார்தான் சரி. அதனால கடைக்குப் போறதுக்கு முன்னாடி பழைய இபி பில் நாலஞ்ச எடுத்துப் பாருங்க. ஸ்டிக்கர்ல வருஷமும் பாருங்க, ஸ்டார் கணக்க அப்பப்ப கடுமையாக்கறாங்க, பழைய ஸ்டிக்கர்ல 3 ஸ்டாரா இருந்தது புது கணக்குல 2 ஆகலாம்.

வட்டி இல்லா இஎம்ஐன்னு சொன்னாங்க. கையில காசு குடுத்தா 26,500க்கு தரேன்னாரு, இஎம்ஐன்னா 28,400, அதுக்கு மேல ப்ராசஸிங் ஃபீஸ் தனி. வட்டி எங்க ஒளிஞ்சிருக்குன்னு புரிஞ்சுதா? சும்மா யாரும் கடன் தரமாட்டாங்க, 2013லயே ரிசர்வ் பேங்க் ஜீரோ பர்சென்ட் இஎம்ஐங்கறத பத்தி பேங்குகளுக்கு கண்டிச்சு சொல்லியிருக்கு. காசு இல்லைன்னா இஎம்ஐ எடுக்கலாம், தப்பில்ல, ஆனா முதல்ல ரொக்க விலைய பேசி முடிச்சுட்டு அப்புறம் இஎம்ஐ வாய தொறங்க. பழைய ஃபிரிட்ஜுக்கு எக்ஸ்சேஞ்ச் 1,500 சொன்னாங்க, எங்க தெரு பழைய இரும்பு கடைக்காரர் 2,100 குடுத்து அவரே ஆள் வச்சு தூக்கிட்டுப் போனார்.

*

திருநெல்வேலில இருந்து நான். ஆர்ஓ மிஷின் விக்க வீட்டுக்கு ஒருத்தர் வந்தாவ. ரெண்டு டம்ளர், ஒண்ணுல எங்க வீட்டுத் தண்ணி, ஒண்ணுல அவங்க ஆர்ஓ தண்ணி, ரெண்டுலயும் கரண்ட் கம்பிய விட்டாவ. எங்க தண்ணி ரெண்டு நிமிசத்துல காவி கலரா கலங்கிட்டு, எங்க அத்தை பயந்து போயி "இதையா புள்ளைக்கு குடுத்தோம்"னு அழுதே போட்டாவ.

எம் மவன் பாலிடெக்னிக் படிக்கான், அவன்தான் சொன்னான், அந்த கம்பி இரும்பு, தண்ணில உப்பு இருந்தா கரண்ட் பாயும், கம்பிதான் கரைஞ்சு கலங்குது, ஆர்ஓ தண்ணில உப்பு இல்ல, கரண்ட் பாயல, அதான் தெளிவா நிக்குன்னு. எங்களுக்கு வாறது தாமிரவருணி தண்ணி. 250 ரூபாய்க்கு, தண்ணில கரைஞ்சிருக்க உப்ப அளக்க டிடிஎஸ் மீட்டர் வாங்கி பாத்தா 140 காட்டுச்சு, குடிதண்ணிக்கு 500 வரைக்கும் சரின்னுதான் இந்திய தர நிர்ணயத்துலயே இருக்கு. ஆர்ஓவுக்கு 14,000 கேட்டாவ, அதுக்கு மேல வருசா வருசம் ஃபில்டர், மெம்ப்ரேன், வருசப் பராமரிப்புக்கு ஏஎம்சின்னு நாலாயிரம். நாங்க காய்ச்சி குடிக்கோம். போர் தண்ணி உப்பா இருக்கற ஊர்ல ஆர்ஓ வேணும்தான், அங்கயும் மொத மீட்டர வச்சு பாத்துட்டு வாங்குங்க.

*

ஒரு சின்ன விஷயம். டெலிவரி ஆள் நிக்கும்போதே பெட்டியப் பிரிச்சு, பிரிக்கறத போன்ல வீடியோ எடுங்க. எங்களுக்கு வந்த ஃபிரிட்ஜ் பின்பக்கம் நசுங்கி இருந்துச்சு, கடையில மாத்த மாட்டேன்னாங்க. 1915ன்னு நுகர்வோர் உதவி எண் இருக்கு, அதுல புகார் குடுத்து அந்த வீடியோவும் அனுப்பினோம், ஒம்பதாவது நாள் வேற பீஸ் வந்துடுச்சு.

*

திருச்சி அக்கா, நீங்க எல்லாம் பாத்து பாத்து வாங்கியிருக்கீங்க, ஒண்ணு மட்டும் கேக்கறேன். பொண்ண எந்த ஊர்ல குடுத்திருக்கீங்க? சர்வீஸ் சென்டர் அந்த ஊர்ல இருக்கான்னு பாத்தீங்களா?

*

தம்பி, உங்க கேள்விய படிச்சதும் எனக்கு திக்குன்னு ஆயிடுச்சு. பொண்ணு இருக்கறது ஓசூர். நான் சர்வீஸ், சாமான் எல்லாம் விசாரிச்சது திருச்சில. இன்னைக்கு காலைல ஒவ்வொரு கம்பெனி நம்பருக்கும் போன் பண்ணி ஓசூர் பின்கோடு சொல்லிக் கேட்டேன். ஃபிரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் அங்கேயே ஆள் இருக்காங்க, மிக்ஸிக்கும் இருக்கு. அடுப்புக்கு மட்டும் கிருஷ்ணகிரிலேர்ந்து வரணுமாம், வர்றதுக்கு தனியா சார்ஜ். சாயங்காலமே போய் அந்த மாடலுக்கு பர்னர் ஒரு செட்டும் ரெண்டு குமிழும் வாங்கிட்டேன், கூடவே கோயமுத்தூர் தம்பி சொன்ன மாதிரி கிரைண்டருக்கு ஒரு பெல்ட்டும். அடுத்த வாரம் என் வீட்டுக்காரர் அவள பாக்கப் போறார், அவர் பையில வச்சாச்சு.