தறி ஓடுற வீட்டில் பழைய லேப்டாப்பைப் போட்டோ சர்வரா வெக்கலாமுங்களா?

நொய்யல்கரை:
சோமனூர் பக்கம் வீடுங்க, ஒட்டினாப்புல தறிக்குடோன். ஐந்தாம் தலைமுறை ஐ5 லேப்டாப் சும்மா கிடக்குது. 4 ஜிபி ரேம், 240 ஜிபி எஸ்எஸ்டி. 2 டிபி யுஎஸ்பி டிஸ்க் ஒண்ணு விண்டோஸோட என்டிஎஃப்எஸ் வடிவத்துல இருக்குது. கூகுள் போட்டோஸில் இருக்கறதோட சேர்த்து 400 ஜிபி படம். நம்ம கம்ப்யூட்டர்லயே படத்தைச் சேர்த்து வெக்கற இம்மிச் சாஃப்ட்வேரைப் போடலாம்னு இருக்கறேன். 4 ஜிபி பத்துமா? டிஸ்க்கை அப்படியே மாட்டலாமா? வெளியூர்ல இருந்தும் படம் பார்க்கோணும்.

பவானிவாய்க்கால்:
8 ஜிபி ஆக்கீருங்க. அந்தத் தலைமுறைக்குப் பெரும்பாலும் 1.35 வோல்ட் டிடிஆர்3எல் ரேம்தான், 1.5 வோல்ட் ரேம் வாங்கீறாதீங்க. 4 ஜிபியிலேயே ஓட்டறதுன்னா இம்மிச்ல படத்தை அலசற மெஷின் லேர்னிங்கை நிறுத்தோணும். முகம் பார்த்துத் தேடறது போயிரும்; அப்லோடு, ஆல்பத்துக்குக் குறையில்லை. டெஸ்க்டாப் திரை இல்லாத உபுண்டு சர்வர் (லினக்ஸ்), அதுமேல இம்மிச்சை ஓட்டறதுக்கு டாக்கர் போதும்.

டிஸ்க்கை அப்படியே மாட்டாதீங்க. என்டிஎஃப்எஸ்ஸில் லினக்ஸ் உரிமைகள் சரியா நிக்காது, டேட்டாபேஸ் கிளம்பவே கிளம்பாது. டேட்டாபேஸ் எஸ்எஸ்டியில இருக்கட்டும். படத்துக்கு டிஸ்க்கை லினக்ஸோட எக்ஸ்ட்4 வடிவத்துக்கு ஆக்குங்க. எல்லாம் அழிஞ்சிரும், முதல்ல வேற டிஸ்க்குல காப்பி எடுத்துக்கோங்க. கிளம்பறப்ப டிஸ்க்கைச் சேர்க்கற எஃப்எஸ்டேப் கோப்புல டிஸ்க்கோட அடையாள எண்ணான யுயுஐடி போட்டு மவுன்ட் பண்ணுங்க, கூடவே டிஸ்க் இல்லாட்டியும் சர்வர் கிளம்பறதுக்கு நோஃபெயில்.

பலரும் மாட்டிக்கிற இடம் ஒண்ணு இருக்குதுங்க. டிஸ்க் மவுன்ட் ஆகாம சர்வர் கிளம்பினா, டாக்கர் அந்தக் காலி ஃபோல்டர்லயே எழுத ஆரம்பிக்கும், எஸ்எஸ்டி நிறைஞ்சிரும். இதைத் தடுக்கத்தான் இம்மிச் ஒவ்வொரு ஃபோல்டர்லயும் ஒரு மறைகோப்பு வெச்சு, அது இல்லாட்டி கிளம்ப மறுக்குது. அந்தப் பிழை வந்தா சோதனையை அணைச்சுப் போடாதீங்க, டிஸ்க்கைப் பாருங்க.

யுஎஸ்பி 3 போர்ட்ல மாட்டுங்க. பழைய 2.0 போர்ட் தர்றது 500 மில்லி ஆம்பியர். சுழல ஆரம்பிக்கையில டிஸ்க்குக்கு அது பத்தாது. டிக் டிக்னு சத்தம் வந்து துண்டாகும்.

சென்னிமலைக்காரன்:
தறி வீடுன்னா பஞ்சுத்தூசிதான் பெரிய எதிரி. ஃபேனுக்கும் ஹீட்சிங்க் தகட்டுக்கும் நடுவுல கம்பளி மாதிரிப் படியும். வெளியிலிருந்து ஊதினா போகாது. அடிமூடியைக் கழட்டி, ஃபேன் சுத்தாம விரலால பிடிச்சுக்கிட்டுப் பிரஷ் போடோணும். ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா பாருங்க. தூசி வராதுன்னு துணி போட்டு மூடறது இன்னும் கெடுதி. லேப்டாப்பைக் குடோன் பக்கத்துச் சுவர்ல இருந்து தள்ளி, ஸ்டாண்டுமேல வைங்க.

மூடியைச் சாத்தினா தூங்கீரும். லாகின்-டி கான்ஃபிக் கோப்பில் (logind.conf) லிட் ஸ்விட்ச் (HandleLidSwitch) வரியை இக்னோர்னு (ignore) மாத்தி ரீஸ்டார்ட் பண்ணுங்க.

பேட்டரி: டச்பேட் எழும்பியிருந்தாலோ அடிமூடி சரியா உக்காராட்டியோ உப்பீருச்சுன்னு அர்த்தம். உடனே கழட்டுங்க, குத்தவோ அமுக்கவோ வேண்டாம். நல்லா இருந்தா 60 சதவீதத்துல சார்ஜை நிறுத்துங்க. சில மாடலுக்கு பயாஸ்லயே இருக்கும், திங்க்பேடுக்கு டிஎல்பிங்கற லினக்ஸ் கருவி. கரண்டு போனா பேட்டரியே யுபிஎஸ். ஆனா ரவுட்டர் அணைஞ்சிரும், அதுக்குத் தனியா மினி யுபிஎஸ். ரவுட்டர் அடாப்டர்ல எழுதியிருக்கற வோல்ட்டையும் ஆம்பியரையும் பார்த்து வாங்குங்க.

சராசரி 15 வாட் எடுத்தா ரெண்டு மாசத்துக்கு 22 யூனிட் கூடும்.

காளிங்கராயன்வாய்க்கால்:
கூகுள் போட்டோஸ்ல இருந்து படத்தை மொத்தமா இறக்கற கூகுள் டேக்அவுட் ஜிப்பைப் பிரிச்சு நேரா ஏத்தினா பழைய படம் பலதும் இன்னைக்கு எடுத்ததாட்ட நிக்கும். தேதி தனி ஜேசான் கோப்பில் கிடக்கும். படத்தையும் தேதியையும் சேர்த்து ஏத்தற இம்மிச்-கோ கருவிக்கு எல்லா ஜிப்பையும் ஒரே தடவை கொடுங்க, படம் ஒரு ஜிப்லயும் அதோட ஜேசான் இன்னொண்ணுலயும் இருக்கலாம்.

வெளியூர்ல இருந்து பார்க்கறதுக்குன்னு ரவுட்டர்ல இம்மிச்சோட 2283 போர்ட்டைத் திறந்து விடாதீங்க. ரவுட்டரின் வேன் (WAN, வெளி இணையப் பக்க) முகவரி 100.64 முதல் 100.127-க்குள்ள இருந்தா திறந்தாலும் வேலை செய்யாது, அது இணையக் கம்பெனி ஒரே பொது முகவரியைப் பலருக்கும் பகிர்ந்து கொடுக்கற சிஜிநேட். நம்ம ஃபோனையும் சர்வரையும் தனி நெட்வொர்க்கா இணைக்கற டெய்ல்ஸ்கேல் போட்டா ரெண்டுக்கும் தீரும்.

இன்னொரு டிஸ்க் வாங்கி, படத்தோட கூட இம்மிச்சோட பேக்கப்ஸ் ஃபோல்டரையும் சேர்த்துக் காப்பி எடுத்து ஒரம்பரை (சொந்தக்காரங்க) வீட்டுல வைங்க. தினமும் டேட்டாபேஸ் நகல் அந்த ஃபோல்டர்லதான் விழும். அது இல்லாட்டி படம் மிஞ்சும், ஆல்பமும் முகத்துக்கு வெச்ச பேரும் போயிரும்.

நொய்யல்கரை:
எக்ஸ்ட்4 ஆக்கினா விண்டோஸ்ல படிக்காதுங்களே?

பவானிவாய்க்கால்:
நேரா மாட்டினா படிக்காது. லினக்ஸ் ஃபோல்டரை நெட்வொர்க் வழியா விண்டோஸுக்குக் காட்டற சாம்பா போட்டு, படிக்க மட்டும் உரிமை கொடுத்துப் பகிருங்க. இம்மிச் ஃபோல்டருக்குள்ள கையால எதையும் நகர்த்தினா டேட்டாபேஸ்ல பாதை தப்பிப் போயிரும்.