500 விமானம் ஆர்டர்: பணம் எங்கிருந்து வரும்?

கமலாபுரம்வாசி:
இண்டிகோ 2023 ஜூனில் ஏர்பஸ்ஸிடம் 500 விமானம் கேட்டது, ஆகாசா 2024 ஜனவரியில் போயிங்கிடம் 150. மலிவு டிக்கெட் விற்பவர்களால் இத்தனைக்கும் காசு கட்ட முடியுமா? சேலத்தில் 2018-ல் தொடங்கிய சென்னை விமானம் பாதியில் நின்று, 2023 அக்டோபர் வரை வெறும் ஓடுதளத்தைத்தான் வேலிக்கு வெளியிலிருந்து பார்த்தோம். அந்த வயிற்றெரிச்சலில்தான் கேட்கிறேன்.

சங்ககிரி லாரி:
நான் லாரிக்கு டியூ கட்டுகிறவன், அதனால் சொல்கிறேன். முழுப் பணத்தையும் இன்றே யாரும் கட்டுவதில்லை, அந்த 500-ம் 2030-க்கு மேல்தான் வரும், அதுவரை தவணை தவணையாக முன்பணம் போகும். விமானம் கைக்கு வந்த அன்றே குத்தகை நிறுவனத்துக்கு விற்றுவிட்டு அதையே மாத வாடகைக்கு எடுத்துக்கொள்வார்கள். மொத்த ஆர்டருக்குக் கிடைத்த தள்ளுபடியால் அந்த விற்பனையிலேயே கையில் காசு நிற்கும். ஆனால் வாடகை டாலரில், டிக்கெட் வசூல் ரூபாயில். ரூபாய் சரிந்தால் கதை கந்தல்.

ஏற்காடு மிளகு:
சரி, வண்டி ஓடாமல் நின்றாலும் டியூ நிற்காதே அண்ணா? கோ ஃபர்ஸ்ட் விமான நிறுவனத்துக்கு அதுதான் நடந்தது. இன்ஜின் கோளாறில் பாதி விமானங்கள் தரையில் நிற்க, 2023 மே மாதம் திவால் மனு போட்டார்கள். குத்தகைக்காரர்கள் தங்கள் 54 விமானங்களை மீட்க டெல்லி உயர் நீதிமன்றத்தில் 2024 ஏப்ரல் வரை காத்திருந்தார்கள். அந்தப் பயத்தில் நம் நாட்டுக்கு வாடகை ஏறிவிடக் கூடாது என்றுதான், குத்தகைக்காரர்கள் விமானத்தைச் சீக்கிரம் மீட்க வழி செய்யும் தனிச் சட்டமே 2025-ல் வந்தது.

கமலாபுரம்வாசி:
இப்போது புரிகிறது. அப்புறம், சேலத்துக்கு வரும் ஏடிஆர் என்ற சின்ன விசிறி விமானமும் வாடகைதானா?