‘பிளேயர் பெர்சனெல்’: பணியாளரா, அணியாக்கமா, ஆளெடுப்பா?

முதல் மடல்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் பில் பார்செல்ஸ் பற்றிய கட்டுரை வரைவில் மூன்று இடங்களில் ‘பணியாளர் நிர்வாகி’ என்று வந்திருக்கிறது. இதை அப்படியே விடக் கூடாது. அந்தச் சொல்லைப் படித்ததும் சம்பளப் பட்டியலும் விடுப்புக் கணக்கும் பார்க்கிற அலுவலர்தான் நினைவுக்கு வருவார். அமெரிக்கக் கால்பந்தில் ‘பிளேயர் பெர்சனெல்’ பிரிவு அந்த வேலை எதையும் செய்வதில்லை. கல்லூரி ஆட்டங்களுக்கு ஆள் அனுப்பி ஆட்டக்காரரை எடைபோடுவது, மதிப்பெண் கொடுத்துப் பலகையில் வரிசைப்படுத்துவது, கல்லூரி ஆட்டக்காரரை அணிகள் ஒவ்வொருவராக எடுக்கும் ஏழு சுற்றுத் தேர்வில் (‘டிராஃப்ட்’) யார் பெயரைச் சொல்வது என்று முடிவெடுப்பது, பிற அணிகளோடு ஆள் மாற்றுவது, ஒப்பந்தம் முடிந்தவர்களிடம் விலை பேசுவது, கோடை முகாமின் 90 பேரை 53 ஆகக் குறைப்பது, இவைதான் அதன் வேலை. அத்தனையும் ஓர் அணி தன் ஆட்டக்காரர்களுக்குத் தரக்கூடிய மொத்த ஊதியத்தின் உச்சவரம்புக்குள் முடிய வேண்டும். 1994இல் அந்த வரம்பு வந்தபோது ஓர் அணிக்கு 3.46 கோடி டாலர்.

பார்செல்ஸ் வாழ்க்கையை இந்த வேலையைப் பிரித்துச் சொல்லாமல் எழுதவே முடியாது. நியூயார்க் ஜயண்ட்ஸ் அணியில் 1983 முதல் 1990 வரை அவர் தலைமைப் பயிற்சியாளர் மட்டுமே. ஆள் விவகாரம் பொது மேலாளர் ஜார்ஜ் யங் கையில். 1997–99இல் நியூயார்க் ஜெட்ஸ் அணியில் இரண்டும் அவருடையவை. 2000இல் அதே ஜெட்ஸில் பயிற்சியை அல் குரோவிடம் விட்டுவிட்டு ஆள் பக்கம் மட்டும் பார்த்தார். 2008இல் மயாமி டால்ஃபின்ஸ் அணியிலும் அப்படித்தான். இந்த மாற்றங்களைக் காட்ட ஒரு சொல் வேண்டும். என் பரிந்துரை: ‘அணியாக்கம்’, அதைச் செய்பவர் ‘அணியாக்குநர்’.

மறுமொழி

ஐயா, வணக்கம்.

‘பணியாளர்’ போக வேண்டும் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ‘பொது மேலாளர்’ என்பதையும் சேர்த்து நீக்கிவிடலாம். அது வங்கிக்கும் போக்குவரத்துக் கழகத்துக்கும் பழகிய பதவிப்பெயர். போதாததற்கு, இங்கிலாந்துக் கால்பந்து பார்க்கும் வாசகருக்கு ‘மேலாளர்’ என்றால் பயிற்சியாளரே. ஜார்ஜ் யங்கை மேலாளர் என்று எழுதினால், மைதான ஓரத்தில் நின்று ஆட்டத்தை நடத்தியவர் அவர் என்று படிப்பார்கள்.

ஆனால் ‘அணியாக்க’த்தை ஏற்க முடியவில்லை. காரணம் பார்செல்ஸின் சொல்லிலேயே இருக்கிறது. 1996 தேர்வில், அப்போது அவர் பயிற்சியாளராக இருந்த நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணிக்கு ஏழாவது இடம். பார்செல்ஸ் தடுப்பு வரிசைக்கு ஆள் கேட்டார். உரிமையாளர் ராபர்ட் கிராஃப்ட், ஆள் பிரிவின் தலைவர் பாபி கிரையர் பக்கம் நின்றார்; பந்து பிடிப்பவரான டெரி கிளென்னை எடுத்தார்கள். கிளென் முதல் ஆண்டிலேயே 90 பந்துகள் பிடித்தார், அணியும் சூப்பர் பௌல் எனும் இறுதி ஆட்டம் வரை போனது. எடுத்த ஆள் சோடை போகவில்லை. யார் பேச்சு கடைசிப் பேச்சு என்பதுதான் சிக்கல். 1997 தொடக்கத்தில் விலகும்போது பார்செல்ஸ் சொன்னது: என்னைச் சமைக்கச் சொல்கிறவர்கள், மளிகைச் சாமானில் கொஞ்சமாவது என்னை வாங்க விட வேண்டும்.

தமிழில் ‘ஆக்குதல்’ என்றால் சமைத்தலும்தான். சோறு ஆக்குகிறவர் பயிற்சியாளர். நாம் பெயர் தேடுவதோ சாமான் வாங்குகிறவருக்கு. ‘அணியாக்குநர்’ என்று வைத்தால் பார்செல்ஸ் பிரித்துச் சொன்ன இரண்டையும் நாம் மறுபடி ஒன்றாக்கிவிடுவோம்.

என் பரிந்துரை ‘ஆளெடுப்பு’. ‘பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள்’ என்பது ஊர்வழக்கு. ஐபிஎல் ஏலம் வந்த பிறகு ‘சென்னை அவரை எடுத்தது’, ‘இவரை யாரும் எடுக்கவில்லை’ என்று எல்லோரும் பேசுகிறோம். புதிதாகக் கற்பிக்க வேண்டியதே இல்லை. பிரிவு ‘ஆளெடுப்புப் பிரிவு’, தலைவர் ‘ஆளெடுப்புத் தலைவர்’.

மறுமொழி

சமையல் வாதம் ஏற்கத்தக்கது. ‘ஆளெடுப்பு’ மீது எனக்கு இரண்டு தடைகள் உண்டு.

முதலாவது, இந்த வேலையில் பாதி ஆளை விடுவது. முகாம் முடிவில் 37 பேரை ஒரே வாரத்துக்குள் வெளியே அனுப்புகிறார்கள். நான்கு பருவம் நிறைவு செய்யாத இளையவரை விட்டால் மற்ற 31 அணிகளும் கேட்கலாம். கேட்டவற்றுள் கடைசி நிலையில் இருக்கும் அணிக்கே முன்னுரிமை. 53க்கு வெளியே இருக்கும் பயிற்சி அணியில் வைத்துக்கொள்ளலாம் என்று நம்பி விட்ட பையன் இப்படி மறுநாளே கைமாறிப் போவதுண்டு. மூத்தவரை விட்டால் வேறு வலி: ஒப்பந்தத்தின்போது கையில் கொடுத்த முன்பணம் கணக்கில் ஐந்து ஆண்டு வரை பரப்பி வைக்கப்பட்டிருக்கும், ஆளை விட்டதும் மிச்சமெல்லாம் வரம்புக் கணக்கில் வந்து விழும். ஆடாதவருக்காக இடம் போகும். இவ்வளவு நுட்பமான வேலை ‘எடுப்பு’ என்ற சொல்லில் தெரிகிறதா?

இரண்டாவது, ‘எடுப்பு’ என்றால் எடுப்பான தோற்றம், எடுப்புச் சாப்பாடு என்றும் பொருள் போகிறது. ‘ஆட்சேர்ப்பு’ ஏற்கெனவே இருக்கிறதே, அதையே வைத்தால் என்ன?

மறுமொழி

அம்மா, ‘ஆட்சேர்ப்பை’ வேறொன்றுக்குத் தனியே வைக்க வேண்டியிருக்கிறது. கல்லூரிப் பயிற்சியாளர்கள் பள்ளி மாணவர் வீட்டுக்குப் போய், பெற்றோரிடம் பேசி, உதவித்தொகை தந்து இழுக்கிறார்களே, அதுதான் ஆட்சேர்ப்பு. அங்கே முடிவு மாணவர் கையில். தொழில்முறைத் தேர்வில் எந்த அணி என்பதை ஆட்டக்காரர் தீர்மானிப்பதில்லை. பார்செல்ஸ் 1978இல் விமானப்படைக் கல்லூரியின் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர். ஒரே கட்டுரையில் இரண்டும் வரும், சொல்லும் இரண்டு வேண்டும்.

விடுவது பற்றிச் சொன்னது சரி. ஆனால் நம் பேச்சில் ‘எடு’ இரண்டு பக்கமும் போகிற வினை. ‘அணிக்கு எடுத்தார்கள்’ என்றால் சேர்த்தார்கள். ‘அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள்’ என்றால் நீக்கினார்கள். வேற்றுமை உருபே திசையைக் காட்டிவிடுகிறது. ஆகவே துறைப்பெயராக ‘ஆளெடுப்பு’ இரண்டையும் தாங்கும். செயலைத் தனியே சொல்லும் இடத்தில் ‘விடுவிப்பு’ என்று எழுதலாம். ‘எடுப்பு’ தனியே நின்றால்தான் குழப்பம், ‘ஆள்’ முன்னே நிற்கும்போது சாப்பாட்டு நினைவு வராது.

இந்தச் சொல்லால் இன்னொரு சிக்கலும் தீர்கிறது. ‘டிராஃப்ட்’ என்பதை வரைவு, வரைவுத் தேர்வு என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். எழுதி முடிக்காத ஆவணம்தான் வரைவு. இங்கே நடப்பது முறை வைத்து எடுப்பது: முந்தைய பருவத்தில் கடைசியில் நின்ற அணி முதலில், வாகை சூடிய அணி இறுதியில். வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சுவது முறைப்பாசனம் என்றால் இது ‘முறையெடுப்பு’. தன் முறையை இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்து வேறு முறை வாங்கிக்கொள்வதும் இரண்டிலும் உண்டு.

இதை வைத்து 1997 பூசலை எழுதிப் பாருங்கள். பார்செல்ஸை ஜெட்ஸ் அழைத்துக்கொள்ள பேட்ரியாட்ஸ் விடவில்லை, ஒப்பந்தம் பாக்கி. லீகின் ஆணையர் பால் டாக்லியபூ தீர்த்துவைத்தார். ஜெட்ஸ் கொடுத்தது நான்கு முறைகள்: 1997இல் மூன்றாம், நான்காம் சுற்று, 1998இல் இரண்டாம் சுற்று, 1999இல் முதல் சுற்று. ‘வரைவுத் தேர்வுகள்’ என்று எழுதினால் இது விளங்காது. ‘முறைகள்’ என்றால் உடனே விளங்குகிறது.

மறுமொழி

முறையெடுப்பு மிக நன்று. என் தடைகளை விலக்கிக்கொள்கிறேன். ஒரு நிபந்தனை மட்டும்: முறையெடுப்பு ஆளெடுப்பின் ஒரு வழிதான் என்பது கட்டுரையில் தெரிய வேண்டும். 1998இல் பேட்ரியாட்ஸ் ஆட்டக்காரர் கர்ட்டிஸ் மார்ட்டினை ஜெட்ஸ் பெற்றது முறையெடுப்பில் அல்ல; பேட்ரியாட்ஸ் ஈடுகொடுக்க முடியாத ஒப்பந்தத்தை அவர் முன் வைத்து, அதற்கு விலையாக முதல் சுற்று முறையையும் மூன்றாம் சுற்று முறையையும் கொடுத்தார்கள்.

‘ஸ்கௌட்’ என்பதற்கு வரைவில் உள்ள ‘ஒற்றர்’ போகட்டும். அடுத்த வார எதிரணியை முன்கூட்டிப் பார்த்துவருபவருக்கு வேண்டுமானால் அது பொருந்தலாம். கல்லூரி ஆட்டக்காரரைப் பார்க்கப் போகிறவர் ‘திறன்தேடுநர்’.

ஜார்ஜ் யங்குக்கும் இச்சொற்கள் பொருந்துகின்றனவா என்று பார்த்தேன். பால்டிமோரில் பள்ளி ஆசிரியர், பள்ளி அணிப் பயிற்சியாளர். பிறகு கோல்ட்ஸ் அணியில் திறன்தேடல், தாக்குதல் வரிசைக்குப் பயிற்சி. மயாமியில் டான் ஷூலாவிடம் ஆளெடுப்புத் தலைவர். 1979இல் ஜயண்ட்ஸின் முழுப் பொறுப்பு. அந்த ஆண்டு முறையெடுப்பில் ஏழாவதாக ஃபில் சிம்ஸ், 1981இல் இரண்டாவதாக லாரன்ஸ் டெய்லர். பார்செல்ஸ் ஜயண்ட்ஸில் வென்ற இரண்டு சூப்பர் பௌல்களின் அணிகளும் யங் எடுத்தவை. ‘பொது மேலாளர்’ இடத்தில் ‘ஆளெடுப்பு முதல்வர்’ என்று போடலாமா?

மறுமொழி

போடலாம். தலைவர் பிரிவுக்கு, முதல்வர் மொத்தத்துக்கு. இந்தச் சொல் முதன்முதலாக வருமிடத்தில் மட்டும் ‘அணியின் 53 பேர் யார் என்பதில் கடைசிப் பேச்சு இவருடையது’ என்று ஒரு வரி சேர்ப்போம். பட்டம் எதுவாயினும் அதிகாரம் அந்த 53இல்தான் இருக்கிறது.

மயாமிப் பத்தியைத் திருத்தி எழுதியிருக்கிறேன்:

“2007இல் 1–15 (ஒரு வெற்றி, 15 தோல்வி) என்று முடித்திருந்த டால்ஃபின்ஸ், பார்செல்ஸிடம் ஆளெடுப்பு முழுவதையும் ஒப்படைத்தது. ஜெஃப் அயர்லாந்து அவருக்குக் கீழே ஆளெடுப்பு முதல்வர், டோனி ஸ்பரானோ தலைமைப் பயிற்சியாளர். 2008 முறையெடுப்பின் முதல் முறையில், பந்தெறிபவரைக் காக்கும் தடுப்பாளர் ஜேக் லாங்கை எடுத்தார்கள். பந்தெறிபவர் மேட் ரயன் மூன்றாவது முறையில் அட்லாண்டாவுக்குப் போனார். ஆகஸ்ட்டில் பந்தெறிபவர் பிரெட் ஃபாவ்ர் வந்ததால் ஜெட்ஸ் விடுவித்த பந்தெறிபவர் சாட் பென்னிங்டனை மயாமி எடுத்தது. 2000இல் ஜெட்ஸுக்காக அவரை முதல் சுற்றில் எடுத்தவரும் பார்செல்ஸே. அந்தப் பருவம் 11–5, பிரிவு முதலிடம். அடுத்த பருவத்தின் மூன்றாவது ஆட்டத்தில் பென்னிங்டனின் தோளில் பலத்த காயம். 2009, 2010 இரண்டும் 7–9.”

‘பந்தெறிபவர்’ கிரிக்கெட் பந்துவீச்சாளரை நினைவூட்டுகிறது. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.